மௌஸ் பிடித்து ஒரு தெப்பக்குளம்

கைப்பேசி வரைபடத்திடம் ‘பேருந்து நிலையத்துக்கு எப்படிப் போவது?’ என்று கேட்டால் உடனே நீலக்கோடு போட்டுக் காட்டும். பக்கத்தில் எங்கே பரோட்டாக் கடை என்றாலும் சொல்லும். ‘எங்கள் பள்ளியிலிருந்து அரைக் கிலோமீட்டருக்குள் எத்தனை வேப்பமரம் நிற்கிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். முழிக்கும். உங்கள் தெரு வேப்பமரங்களை யாரும் எண்ணி அதில் ஏற்றவில்லை. ஏற்றினால் யாருக்கும் லாபமும் இல்லை.

நீங்களே எண்ணலாம், ஏற்றலாம், கேட்கவும் செய்யலாம். அதற்கென்று கணினியில் நிறுவிக்கொள்ளும் வரைபட மென்பொருள்கள் இருக்கின்றன. நகரத் திட்டம் போடுகிறவர்கள், காட்டைக் கணக்கெடுக்கிறவர்கள், வெள்ளம் எதுவரை வரும் என்று கணிக்கிறவர்கள் எல்லாரும் இப்படி ஒன்றைத்தான் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறார்கள். அவற்றில் காசு கொடுக்காமல் கிடைக்கும் ஒன்றின் பெயர் கியூஜிஐஎஸ். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பதிவிறக்கம்தான் கொஞ்சம் கனம், ஏறத்தாழ ஒரு ஜிபி. வீட்டில் இணையம் மெதுவாக இருந்தால் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் ஆசிரியரிடம் சொல்லி இறக்கிக்கொள்ளுங்கள்.

திறந்ததும் வெள்ளைத் திரை வரும். சுற்றிலும் வண்டி வண்டியாகப் பொத்தான்கள். பயப்பட வேண்டாம். அதில் பத்துப் பதினைந்துக்கு மேல் நானே தொடுவதில்லை. புதிய திட்டம் ஒன்றைத் தொடங்கிவிட்டு, கீழ்ப்பட்டையில் ‘கோஆர்டினேட்’ என்று எழுதிய சின்னப் பெட்டியைத் தேடுங்கள். அதில் இருக்கும் எண்களை அழித்துவிட்டு, ஆங்கிலச் சிற்றெழுத்தில் ‘வேர்ல்டு’ என்று தட்டி என்டர் அழுத்துங்கள். உலகப் படம் வந்து உட்கார்ந்துவிடும். இணையம்கூட வேண்டாம். மென்பொருள் எழுதியவர்கள் உள்ளே வைத்திருக்கும் சின்னப் பரிசு இது.

ஓர் எச்சரிக்கை. அந்தப் படத்தில் இந்தியாவின் வடக்கு எல்லை நம் பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல் இருக்காது. பழகிப் பார்க்க அது போதும். பள்ளிக் கண்காட்சியில் ஒட்டப் போகிறீர்கள் என்றால் இந்திய நில அளவைத் துறை வெளியிட்டிருக்கும் எல்லையைத்தான் எடுக்க வேண்டும்.

இனி மேலே ‘ஐ’ எழுத்தும் அம்புக்குறியும் போட்ட பொத்தானை அழுத்திவிட்டு ஏதாவது ஒரு நாட்டைச் சொடுக்குங்கள். அந்த நாட்டைப் பற்றிய விவரங்கள் வரிசையாக வந்து நிற்கும். இடது பக்கப் பட்டியலில் லேயரின் பெயர்மேல் வலது சொடுக்குச் செய்து அட்டவணையைத் திறந்தால் ஒரு நாட்டுக்கு ஒரு வரி. ஒரு வரியைத் தொடுங்கள், படத்தில் அந்த நாடு மஞ்சளாகும். படத்தில் ஒரு நாட்டைத் தேர்ந்தெடுங்கள், அட்டவணையில் அதன் வரி நிறம் மாறும்.

இதுதான் சங்கதி. சுவரில் தொங்கும் உலகப் படம் வெறும் மை. இந்தப் படத்தில் ஒவ்வொரு வடிவத்துக்கும் பின்னால் அட்டவணையில் ஒரு வரி இருக்கிறது. வடிவத்துக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியும், வரிக்குத் தான் யார் என்று தெரியும். இரண்டும் சேர்ந்து இருப்பதால்தான் இதனிடம் கேள்வி கேட்க முடிகிறது.

அந்த உலகப் படத்தை மூடிவிடாதீர்கள். இன்னொரு வேடிக்கை பாக்கி இருக்கிறது. வலது கீழ் மூலையில் ‘இபிஎஸ்ஜி’ என்ற எழுத்துகளும் பக்கத்தில் 4326 என்ற எண்ணும் இருக்கும். அதைச் சொடுக்கித் தேடல் பெட்டியில் 3857 என்று போட்டுத் தேர்ந்தெடுங்கள். கிரீன்லாந்து ஊதிப் பெருத்துவிடும். இந்தியாவைப் போல் பல மடங்கு இருக்கும் போலத் தெரியும். இப்போது 8857 என்று மாற்றுங்கள். கிரீன்லாந்து சுருங்கி மூலையில் ஒதுங்கிக்கொள்ளும். எது உண்மை? இந்தியாவின் பரப்பு ஏறத்தாழ 33 லட்சம் சதுர கிலோமீட்டர். கிரீன்லாந்து 22 லட்சம் கூட இல்லை. நம் நாடுதான் ஒன்றரை மடங்கு பெரியது.

பூமி உருண்டை, திரை தட்டை. சாத்துக்குடித் தோலை உரித்து மேசைமேல் பரப்பப் பாருங்கள், ஓரம் கிழியும். கிழியக் கூடாது என்றால் எங்கேயாவது இழுத்தாக வேண்டும். 3857 என்பது சாலை வளைவுகளும் கட்டடங்களின் உருவமும் கெடாமல் பார்த்துக்கொண்டு, பூமத்திய ரேகையை விட்டுத் தள்ளிப் போகப் போக அளவை இழுத்துவிடுகிறது. இணைய வரைபடங்கள் பெரும்பாலும் இதைத்தான் பயன்படுத்துகின்றன. 8857 பரப்பைக் காப்பாற்றும், உருவத்தைக் கொஞ்சம் வளைக்கும். எது நல்லது என்று என்னைக் கேட்டால், முதலில் உங்கள் கேள்வி என்ன என்று நான் திருப்பிக் கேட்பேன்.

இந்த எண்கள் யார் கொடுத்தவை தெரியுமா? எண்ணெய்க் கிணறு தேடியவர்கள். ஐரோப்பாவின் பெட்ரோலிய நில அளவைக் குழு ஒன்று, உலகில் புழங்கும் அளவை முறைகளுக்கெல்லாம் எண் போட்டுப் பட்டியலிட்டது. அந்தக் குழுவின் பெயரைச் சுருக்கினால் வருவதுதான் இபிஎஸ்ஜி. ஆயிரக்கணக்கில் எண்கள் உண்டு. நமக்கு மூன்று நான்கு போதும்.

பூமியின் வடிவத்தைப் பற்றி இவ்வளவு கவலை எதற்கு என்று தோன்றலாம். 1802 ஏப்ரல் 10 அன்று சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் என்ற அதிகாரி எஃகுச் சங்கிலியை நீட்டி, ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும் நில அளவை அங்கேதான் தொடங்கியது. அந்த வேலையைத் தொடர்ந்து நடத்திய ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் பூமியின் வடிவத்துக்கு ஒரு கணக்குச் சொன்னார். நம் பழைய தாள் வரைபடங்கள் அந்தக் கணக்கில் வரைந்தவை. இன்றைய ஜிபிஎஸ் வேறொரு கணக்கில் ஓடுகிறது. தாத்தா காலத்து வரைபடத்தை ஸ்கேன் செய்து, எந்தக் கணக்கு என்று சொல்லாமல் ஏற்றினால் சாலை ஒரு பக்கமும் பாலம் ஒரு பக்கமுமாகத் தள்ளி உட்கார்வது இதனால்தான்.

லேயர் என்று ஒரு சொல் வந்ததே, அதையும் பார்த்துவிடுவோம். கணினிக்கு முன்பு வரைபடக்காரர்கள் மண் வகையை ஒரு ஒளிபுகும் தாளிலும், காட்டை இன்னொன்றிலும், சாலையை மற்றொன்றிலும் வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அடியில் விளக்கைப் போட்டுப் பார்த்தார்கள். அந்தத் தாள் ஒவ்வொன்றும் ஒரு லேயர். கனடா மாதிரிப் பெரிய நாட்டுக்கு இப்படிப் பார்த்து மாளாது. 1962இல் ரோஜர் டாம்லின்சன் என்ற இளம் புவியியலாளர் விமானத்தில் போகும்போது பக்கத்து இருக்கையில் லீ பிராட் என்பவர் இருந்தார். கனடா அரசின் நிலக் கணக்கெடுப்பைக் கவனித்தவர் அவர். அங்கே தொடங்கிய பேச்சு, தாள்களைக் கணினிக்குள் ஏற்றும் திட்டமாக வளர்ந்தது. வரைபடத்தை உருளையில் சுற்றிப் படித்தெடுக்கும் பெரிய ஸ்கேனர் ஒன்றைக்கூட ஐபிஎம் நிறுவனம் இதற்காகவே செய்துகொடுத்தது. டாம்லின்சனை இந்தக் கணினி வரைபடத் துறையின் தந்தை என்பார்கள். கியூஜிஐஎஸ் கதை இதைவிடச் சின்னது. 2002இல் அலாஸ்காவில் இருந்த கேரி ஷெர்மன், தன் லினக்ஸ் கணினியில் வரைபடத் தரவைத் திறந்து பார்க்க ஒரு கருவி வேண்டும் என்று தானே எழுத ஆரம்பித்தார். அந்த ஜூலையில் வந்த முதல் பதிப்பு ஒரே ஒரு வகைத் தரவுத்தளத்தை மட்டும்தான் படித்தது. இன்று பல நாட்டு நிரலாளர்கள் சேர்ந்து வளர்க்கிறார்கள். நிரல் முழுவதையும் யாரும் படிக்கலாம், நீங்களும்.

சரி, தலைப்பில் சொன்ன குளத்துக்கு வருவோம்.

மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். தைப்பூசத்துக்குத் தெப்பம் ஓடும் குளம். திருமலை நாயக்கர் மகால் கட்டச் செங்கலுக்கு மண் எடுத்த பள்ளம்தான் குளமானது என்று ஊரில் சொல்வார்கள். தண்ணீர் இல்லாத ஆண்டுகளில் பிள்ளைகள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடியதும் உண்டு. வரைந்து பழக இதைவிட நல்ல குளம் கிடையாது, ஏனென்றால் ஏறக்குறைய சதுரம். நான்கு மூலை, நான்கு சொடுக்கு.

முதலில் அடியில் விரிக்க ஒரு படம் வேண்டும். இடது பக்கம் ‘பிரவுசர்’ பட்டியலில் ‘எக்ஸ்ஒய்இசட் டைல்ஸ்’ என்பதைத் திறந்தால் ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’ இருக்கும். இரண்டு முறை சொடுக்குங்கள். இதற்கு மட்டும் இணையம் வேண்டும். மௌஸ் சக்கரத்தை உருட்டி மதுரைக்கு இறங்குங்கள். வைகைக்குத் தெற்கே, மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே நீலச் சதுரம் தெரியும். திட்டத்தின் எண் 3857 ஆக இருந்தால், குளத்தின்மேல் மௌஸை வைக்கும்போது கீழே ஏறத்தாழ 8699000 என்றும் 1109000 என்றும் இரண்டு எண்கள் ஓடும். என்ன அது? ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில், பூமத்திய ரேகையும் கிரீன்விச் கோடும் வெட்டும் இடத்திலிருந்து கிழக்கே 87 லட்சம் மீட்டர், வடக்கே 11 லட்சம் மீட்டர் என்று கணக்கு. அந்த மீட்டரும் இழுத்துவிட்ட மீட்டர். குளத்தின் ஒரு பக்கம் 300 மீட்டர் என்றால் இந்த முறையில் 304.5 மீட்டர் என்று வரும். பரப்பில் நூற்றுக்கு மூன்று கூடிவிடும்.

அதனால் வரையும் லேயருக்கு வேறு எண் கொடுப்போம். உலகத்தை ஆறு ஆறு பாகையாக 60 மண்டலங்களாகப் பிரித்து, அந்தந்த மண்டலத்துக்குள் மீட்டர் பெரிதாகப் பிசகாமல் பார்த்துக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. 78 முதல் 84 பாகைக் கிழக்கு வரை 44ஆம் மண்டலம். அதன் வடபாதிக்கு எண் 32644. மதுரையின் தீர்க்கக்கோடு 78.12, எனவே 44ஆம் மண்டலம். திண்டுக்கல் 77.98, அது 43க்குப் போய்விடும், எண் 32643. ஆம், மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்குப் பேருந்தில் போனால் வழியில் எங்கோ மண்டலம் மாறுகிறீர்கள். அறிவிப்புப் பலகை எல்லாம் கிடையாது. சென்னைப் பிள்ளைகளுக்கு 44, கோவைக்கு 43. இலங்கை முழுவதும் 44க்குள் அடங்கும். கோலாலம்பூருக்கு 47, சிங்கப்பூருக்கு 48.

இப்போது ‘லேயர்’ மெனுவில் புதிய ஜியோபேக்கேஜ் லேயர் கேளுங்கள். கோப்புக்குப் பெயர், வடிவ வகை, இபிஎஸ்ஜி எண் மூன்றையும் அது கேட்கும். வடிவம் மூன்று வகை: புள்ளி, கோடு, பலகோணம். மரத்துக்குப் புள்ளி, வாய்க்காலுக்குக் கோடு, குளத்துக்குப் பலகோணம். ஆனால் இது கல்லில் எழுதியது அல்ல. தமிழ்நாட்டுப் படத்தில் மதுரையே ஒரு புள்ளி. மதுரைப் படத்தில் தெப்பக்குளம் பலகோணம். குளத்தின் படிக்கட்டைப் பழுதுபார்க்கும் பொறியாளருக்கு ஒவ்வொரு படியும் தனிப் பலகோணம்.

ஷேப்ஃபைல் என்ற பழைய வகையையும் மெனுவில் பார்ப்பீர்கள். 1990களில் இருந்து புழங்குகிறது, இன்றும் அலுவலகங்களில் அதுதான் கிடைக்கும். எனக்கு அது பிடிக்காது. ஒரு குளத்துக்கு நான்கு ஐந்து கோப்புகளாகச் சிதறும், ஒன்றை மறந்து நண்பனுக்கு அனுப்பினால் திறக்காது. தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அட்டவணையின் பத்தித் தலைப்புக்கு அதில் 10 பைட்டுதான் இடம். யூனிகோடு தமிழில் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனிக் குறியாகச் சேரும். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு. ‘குளம்’ என்ற மூன்றெழுத்துக்கே 15 பைட்டு ஆகிறது. வால் அறுந்துவிடும். ஜியோபேக்கேஜில் இந்தச் சிக்கல் இல்லை, எல்லாம் ஒரே கோப்பு.

பென்சில் படம் போட்ட பொத்தானை அழுத்துங்கள். பலகோணம் சேர்க்கும் பொத்தான் உயிர்பெறும். குளத்தின் ஒரு மூலையில் சொடுக்கு, அடுத்த மூலை, அடுத்தது, நான்காவது. முடித்ததும் வலது சொடுக்கு. ஒரு சின்னப் படிவம் வந்து விவரம் கேட்கும். பெயர் எழுதி ஓகே கொடுத்தால் குளம் தயார்.

தயாரா? நடுவில் மைய மண்டபமும் தோட்டமும் இருக்கும் தீவு என்ன ஆனது? நீங்கள் வரைந்த குளம் அதையும் தண்ணீராக எண்ணிக்கொண்டது. அதற்கும் கருவி உண்டு. ‘அட்வான்ஸ்டு டிஜிடைசிங்’ பட்டையைத் திறந்து ‘ஆட் ரிங்’ என்பதைப் பிடித்துத் தீவைச் சுற்றிச் சொடுக்கி, வலது சொடுக்கால் முடியுங்கள். குளத்துக்கு நடுவில் ஓட்டை விழும். அந்த ஓட்டை வழியாக அடிப்படத்தின் தீவு எட்டிப் பார்க்கும். உளுந்துவடை வரையத் தெரிந்தவர்கள் ஆகிவிட்டீர்கள்.

மறக்காமல் சேமியுங்கள். சேமிக்கும்வரை வரைந்தது எல்லாம் தற்காலிகம்தான்.

பரப்பு எவ்வளவு? ஒரு பக்கம் 300 மீட்டர் என்று தோராயமாக வைத்தால் 90,000 சதுர மீட்டர், அதாவது 22 ஏக்கர். உங்கள் குளத்தின் சரியான கணக்கை அட்டவணையில் ‘ஃபீல்டு கால்குலேட்டர்’ சொல்லும். அதில் ‘ஜியாமெட்ரி’ பிரிவில் பரப்புக்கு இரண்டு கட்டளைகள் இருக்கும். டாலர் குறியில் தொடங்குவது பூமியின் வளைவைக் கணக்கில் எடுக்கும். டாலர் இல்லாதது, லேயர் எந்த அலகில் இருக்கிறதோ அந்த அலகில் தட்டையாகக் கணக்கிடும். இதே குளத்தை 4326 என்ற பாகைக் கணக்கில் வரைந்துவிட்டு டாலர் இல்லாத கட்டளையைக் கொடுத்தால் விடை 0.0000074 என்று வரும். கணினி கெட்டுப்போகவில்லை. அது சதுரப் பாகையில் விடை சொல்கிறது. நிலத்தைச் சதுரப் பாகையில் வாங்கி விற்ற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

குளத்தை நாற்காலியில் உட்கார்ந்தே வரைந்துவிட்டோம். வேப்பமரத்துக்கு வெயிலில் இறங்க வேண்டும். ஒரு பெரியவரைக் கூட்டிக்கொள்ளுங்கள், நோட்டு, பேனா, அளவு நாடா, அவருடைய கைப்பேசி. மரத்தின் நெஞ்சு உயரத்தில் நாடாவைச் சுற்றிச் சுற்றளவைக் குறியுங்கள். கைப்பேசி காட்டும் அட்சக்கோடு, தீர்க்கக்கோடு இரண்டையும் எழுதுங்கள். புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் போதும். ஐந்தாவது இலக்கம் ஒன்று மாறினால் தரையில் ஒரு மீட்டர்தான் நகர்கிறது. கைப்பேசியின் ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே சில மீட்டர் முன்னே பின்னே காட்டும், மரத்தடியிலும் மாடிக் கட்டடங்களுக்கு நடுவிலும் இன்னும் தடுமாறும். ஏழு இலக்கம் எழுதினால் துல்லியம் கூடாது, கைதான் வலிக்கும்.

வீட்டுக்கு வந்து ஸ்ப்ரெட்ஷீட்டில் மரம், சுற்றளவு, அட்சம், தீர்க்கம் என்று நான்கு பத்தி போட்டு, சிஎஸ்வி கோப்பாக, யூடிஎஃப்-8 என்று தேர்ந்து சேமியுங்கள். இல்லாவிட்டால் ‘வேம்பு’ என்பது கேள்விக்குறிகளாக வந்து நிற்கும். ‘டிலிமிட்டட் டெக்ஸ்ட்’ லேயராகச் சேர்க்கும்போது எக்ஸ் எது, ஒய் எது என்று கேட்கும்.

இந்த இடத்தில்தான் எந்த வகுப்பிலும் ஒரு குரல் வரும்: “அக்கா, நான் வச்ச மரமெல்லாம் கடலுக்குள்ள கெடக்கு!”

போய்ப் பார்த்தால் வடதுருவப் பக்கம், நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கு மேற்கே பனிக்கடலில் மதுரை வேப்பமரங்கள் வரிசையாக மிதக்கும். நாம் வாயால் சொல்வது அட்சம் முதலில், தீர்க்கம் பிறகு. வரைபடத் தாளில் எக்ஸ் என்பது கிடைக்கோடு, கிழக்கே போவது. அதனால் எக்ஸ் என்றால் தீர்க்கம். மாற்றிக் கொடுத்தால் மதுரையின் 78 கிழக்கு, 78 வடக்கு ஆகிவிடும். அங்கே வேப்பமரம் முளைக்காது என்று மென்பொருளுக்குத் தெரியாது. நீங்கள் சொன்ன இடத்தில் அது நட்டுவிட்டது. இரண்டு பெட்டிகளையும் மாற்றிப் போட்டால் மரங்கள் ஊர் திரும்பும்.

முதலில் கேட்ட கேள்விக்கு வந்துவிட்டோம், ஆனால் ஒரு வாசல் இன்னும் இருக்கிறது. சிஎஸ்வியில் வந்த புள்ளிகள் பாகைக் கணக்கில் இருக்கின்றன. அரைக் கிலோமீட்டரை அளக்க மீட்டர் வேண்டும். லேயர் பெயர்மேல் வலது சொடுக்கி, ‘எக்ஸ்போர்ட்’ போய், 32644 கொடுத்துப் புதிய கோப்பாகச் சேமியுங்கள். பக்கத்திலேயே ‘செட் லேயர் சிஆர்எஸ்’ என்று ஒன்று ஆசை காட்டும். அதைத் தொடாதீர்கள். அது எண்களை மாற்றாமல் மேலே ஒட்டியிருக்கும் சீட்டை மட்டும் மாற்றும், 78 பாகை 78 மீட்டர் ஆகிவிடும். இந்தப் பள்ளத்தில் பிள்ளைகளைவிடச் சம்பளம் வாங்கும் பெரியவர்கள்தான் அதிகம் விழுகிறார்கள்.

பள்ளிக்கும் ஒரு புள்ளி லேயர் 32644இல் வையுங்கள். ‘பிராசஸிங்’ கருவிப்பெட்டியில் ‘பஃபர்’ என்று தேடி, தூரம் 500 மீட்டர் என்று கொடுங்கள். பள்ளியைச் சுற்றி வட்டம் விழும். பாகைக் கணக்கிலேயே விட்டுவிட்டு 500 கொடுத்தால் வட்டம் உலகத்தையே தாண்டிப் போகும், ஒருமுறை வேண்டுமென்றே செய்து பாருங்கள். பிறகு ‘கவுன்ட் பாயின்ட்ஸ் இன் பாலிகான்’. புதிதாக வந்து விழும் வட்ட லேயரின் அட்டவணையில் கூடுதலாக ஒரு பத்தி, அதில் ஓர் எண். அதுதான் விடை. உலகத்தில் வேறு எந்த வரைபடத்திடமும் இல்லாத விடை.

வட்டத்துக்குள் பெரிய மரம் எது, சின்ன மரம் எது? லேயரின் ‘சிம்பாலஜி’ பகுதியில் புள்ளியின் அளவைச் சுற்றளவுப் பத்தியோடு கட்டிவிடலாம். கிழட்டு வேம்பு பெரிய வட்டமாகவும் போன வருடம் நட்டது துளியாகவும் தெரியும். எந்தத் தெருவில் வட்டமே இல்லை என்பதும் அப்போதுதான் கண்ணில் படும். புள்ளிகள் தெரியவில்லை என்றால் லேயர் வரிசையைப் பாருங்கள். பட்டியலில் மேலே இருப்பது படத்திலும் மேலே வரும், வட்டம் மரங்களை மூடியிருக்கும். இழுத்துக் கீழே விடுங்கள்.

வானத்திலிருந்தும் படம் வாங்கலாம். ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்களை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அவை புள்ளி, கோடு, பலகோணம் எதுவும் அல்ல. கட்டம் கட்டமாக எண்கள். நுணுக்கமாகப் பதியும் ஒளிப்பட்டைகளில் ஒரு கட்டம் தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். தெப்பக்குளம் அதில் ஏறத்தாழ 30க்கு 30, 900 கட்டம் வரும். வேப்பமரம் ஒரு கட்டத்துக்குள் காணாமல் போய்விடும். இந்தக் கோள்கள் நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியையும் பதிகின்றன. அந்த ஒளியைத் தண்ணீர் விழுங்கிக்கொள்ளும், இலை திருப்பி அனுப்பும். அதனால் அந்த ஒளியைப் பதியும் எட்டாம் பட்டையில் நிறைந்த குளம் கறுப்பாகவும் அதைச் சுற்றியுள்ள மரக்கூட்டம் வெளுப்பாகவும் தெரியும். குளம் வறண்டிருந்த ஒரு கோடையையும் நிறைந்திருந்த ஒரு தையையும் இறக்கி அடுத்தடுத்த லேயராக வைத்து, மேலே இருப்பதன் பக்கத்துப் பெட்டியில் குறியை எடுத்தும் போட்டும் பாருங்கள். நம் இஸ்ரோவின் ‘புவன்’ தளத்திலும் 2009இலிருந்து செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கலாம்.

எல்லாம் முடிந்ததும் ‘பிரின்ட் லேஅவுட்’ திறந்து தாளுக்கு ஏற்றபடி அடுக்க வேண்டும். அளவுகோல், வடக்குக் குறி, வண்ணங்களின் விளக்கம், மரம் எண்ணிய தேதி. தேதி இல்லாத மரக்கணக்கு நாலு வருடம் கழித்து யாருக்கும் உதவாது. வீட்டுக்காரர்களின் பெயரையோ கைப்பேசி எண்ணையோ படத்தில் போடாதீர்கள், மரம் போதும். அடியில் ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்’ என்று எழுதுவதும் கட்டாயம். அடிப்படத்தை அவர்களிடமிருந்துதானே வாங்கினோம்?

யார் அந்தப் பங்களிப்பாளர்கள் என்றால், உங்களையும் என்னையும் போன்றவர்கள்தான். 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய வரைபடம் அது. 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே சொடுக்கிக் குறித்த படம் இதன் மேல்தான் நின்றது. உங்கள் மரக்கணக்கை மொத்தமாக அதில் கொட்டிவிட முடியாது, பெருவாரியாக ஏற்றுவதற்கு முன்பு அங்கே இருப்பவர்களிடம் பேசி ஒப்புதல் வாங்க வேண்டும். ஒரு கணக்குத் தொடங்கி ஒவ்வொரு மரமாக வைப்பதற்குத் தடையில்லை. புள்ளி வைத்து, மரம் என்று வகை சொல்லி, இனம் என்ற இடத்தில் அசாடிராக்டா இண்டிகா என்று அறிவியல் பெயரைப் போடுங்கள். பக்கத்தில் தமிழுக்கென்று தனியாக ஒரு வரி சேர்க்கலாம், அதில் வேம்பு என்று எழுதிச் சேமியுங்கள்.